கொடுவாவும் லெமன் மர்ட்டிலும்: ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பொருட்களில் ஒரு கிறிஸ்துமஸ் விருந்து

ஆஸ்திரேலியாவில் கிறிஸ்துமஸ் நடுக்கோடையில் வருகிறது. வெளியில் 35 டிகிரி கொளுத்தும். உள்ளே ஓவனில் வான்கோழி மணிக்கணக்காக வெந்துகொண்டிருக்கும். இங்கிலாந்தின் பனிக்காலத்துக்கென்று உண்டான சாப்பாடு அது. குடியேறியவர்களோடு கப்பலேறி வந்தது. இப்போது பல வீடுகள் இறாலுக்கும் மீனுக்கும் மாம்பழத்துக்கும் மாறிவிட்டன. இன்னும் ஒரு படி போய், இந்த மண்ணிலேயே தோன்றி, இங்குள்ள பூர்வகுடி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக உண்டு வரும் பொருட்களைக் கொண்டே அன்றைய மதிய விருந்தைச் சமைக்கலாம்.

புதிதாகக் குடியேறி, டிசம்பர் 25 அன்று நண்பர்களை வீட்டுக்கு அழைத்திருக்கும் தமிழர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பூசை முடித்து வந்து விருந்து வைப்பவர்கள் இருப்பீர்கள்; விடுமுறைதானே, கூடிச் சாப்பிடுவோம் என்பவர்களும் இருப்பீர்கள். அளவுகள் எல்லாம் எட்டுப் பேருக்கு. தாளிக்கவும், கீரை மசியலும் சொதியும் வைக்கவும் தெரிந்தவருக்கு இதில் கடினமானது எதுவும் இல்லை.

தொடங்கும் முன் இரண்டு விஷயம்

முதலாவது: முழுக்கப் புதிய சமையலைக் கற்க முயலாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த சமையலில் ஒரு பொருளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வையுங்கள். எலுமிச்சைக்குப் பதில் லெமன் மர்ட்டில் இலை. மிளகுக்குப் பதில் டாஸ்மேனிய மலை மிளகு. முந்திரிக்குப் பதில் மக்கடேமியா என்ற கொட்டை. கீரைக்கு வாரிகல் கீரை. புளிப்புக்கு டேவிட்சன் பிளம். இப்படிப் போனால் கை பழகிய வேலையாகவே இருக்கும், நாக்குக்கு மட்டும் புதிதாக இருக்கும்.

இரண்டாவது: அன்று ஒரு நாள் மசாலா டப்பாவை மூடி வையுங்கள். இந்தப் பொருட்களின் வாசனை நுட்பமானது. மல்லித்தூளும் சோம்பும் பட்டையும் கிராம்பும் சேர்ந்தால் அது எங்கே போனது என்றே தெரியாது. காசு கொடுத்து வாங்கிய லெமன் மர்ட்டிலைக் கறித்தூளில் புதைப்பதற்கு வாங்காமலே இருக்கலாம். மஞ்சள், இஞ்சி, பச்சை மிளகாய், தேங்காய்ப்பால் இவற்றோடு நன்றாகப் போகும். அதற்கு மேல் வேண்டாம்.

பொருட்களோடு பழகுங்கள்

லெமன் மர்ட்டில், குயின்ஸ்லாந்துக் கடற்கரையோர மழைக்காட்டு மரத்தின் இலை. எலுமிச்சைக்கும் எலுமிச்சைப் புல்லுக்கும் மணம் தரும் சிட்ரால்தான் இதன் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இருக்கிறது. ஆனால் இலையில் புளிப்பு அமிலம் கிடையாது. அதனால் பாலையோ தேங்காய்ப்பாலையோ திரிக்காது, இது பெரிய வசதி. காய்ந்த தூளாகக் கிடைக்கும். எட்டுப் பேர் சாப்பிடும் ஒரு பாத்திரத்துக்கு அரைத் தேக்கரண்டி போதும். கொஞ்சம் அதிகமானாலும் யூகலிப்டஸ் தைலம் தடவியது மாதிரி ஆகிவிடும். நேரம் ஆக ஆக மணம் பறந்துவிடும் என்பதால் குழம்பு வகைகளில் அடுப்பை அணைத்த பிறகு தூவுங்கள்.

மலை மிளகு டாஸ்மேனியாவிலும் விக்டோரியாவின் மலைப்பகுதிகளிலும் குளிரில் வளரும் செடியின் காய்ந்த பழம். நம் மிளகுக்கும் இதற்கும் உறவில்லை. வாயில் வைத்ததும் பழத்தின் இனிப்பு வரும், சில நொடி கழித்துக் காரம் மெல்ல ஏறும், பிறகு நாக்கு லேசாக மரத்துப்போகும். மிளகு போடும் அளவில் மூன்றில் ஒரு பங்கு போட்டுப் பாருங்கள். வெள்ளைக் குழம்பில் போட்டால் ஊதா நிறம் இறங்கும். அதைப் பார்த்து ஏதோ கெட்டுவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம்.

வாட்டில் விதை, அகேசியா மரங்களின் விதை. நம் ஊர்க் கருவேலத்துக்குச் சொந்தம் என்று சொல்லலாம். வறுத்து அரைத்த தூளாக விற்பார்கள். காபி, கோகோ, வறுத்த கொட்டை மூன்றின் மணமும் கலந்து வரும், காஃபீன் இல்லை. பாலைநிலப் பூர்வகுடிப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இதைச் சேகரித்து, வறுத்து, கல்லில் அரைத்து அடை சுட்டார்கள். எல்லா அகேசியா விதைகளும் சாப்பிடத் தகுந்தவை அல்ல என்பதால் தெருவோர மரத்தில் பறிக்காமல் கடையில் வாங்குங்கள்.

சால்ட்புஷ் உள்நாட்டு வறண்ட நிலத்தில் வளரும் சாம்பல் நிறப் புதர். இலையே உப்புக் கரிக்கும். காய்ந்த இலையை நொறுக்கித் தூவினால் உப்பைப் பாதியாகக் குறைக்கலாம்.

ஃபிங்கர் லைம் விரல் நீளத்தில் இருக்கும் காட்டு எலுமிச்சை. வடக்கு நியூ சவுத் வேல்ஸும் தென்கிழக்குக் குயின்ஸ்லாந்தும் இதன் தாயகம். வெட்டி அழுத்தினால் வெந்த ஜவ்வரிசி போல மணிமணியாக வெளியே வரும், கடித்தால் புளிப்பு வெடிக்கும். இதன் பருவம் இலையுதிர் காலம். ஆகவே டிசம்பரில் புதிய பழத்தைத் தேடி அலையாமல் உறைநிலையில் இருப்பதை வாங்குங்கள். மணிகள் உறைந்து உருகினாலும் உடையாது.

டேவிட்சன் பிளம் மழைக்காட்டுப் பழம், கருஞ்சிவப்புச் சதை, கண்ணைச் சுருக்க வைக்கும் புளிப்பு. பச்சையாகச் சாப்பிட முடியாது. சர்க்கரையோடு கொதிக்க வைத்தால் இதற்கு இணை இல்லை. இது கிடைக்காவிட்டால் குவாண்டாங். நம் சந்தன மரத்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு மரத்தின் சிவப்புப் பழம், காய்ந்த துண்டுகளாக வரும். ரைபெர்ரி என்ற இன்னொரு சிறு பழமும் உண்டு, நாவல் மரத்தின் இனம், கிராம்பு மணம் கொண்டது, டிசம்பர் வாக்கில்தான் பழுக்கத் தொடங்கும். சிட்னியில் பல வீட்டு வேலிகளில் நிற்கும் லில்லி பில்லி செடிகளும் இதே கூட்டம்.

வாரிகல் கீரைக்கு ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். கடலோர மணலில் படரும் தடித்த இலைக் கீரை இது; 1770இல் இந்தக் கரைக்கு வந்த கேப்டன் குக்கின் மாலுமிகளும் வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய்க்குப் பயந்து வேகவைத்துச் சாப்பிட்டார்கள். இதில் ஆக்சலேட் அதிகம். கொதிக்கும் தண்ணீரில் மூன்று நிமிடம் போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும். சிறுநீரகக் கல் தொந்தரவு உள்ளவர்கள் இதைத் தவிர்த்துவிடுவதே நல்லது. மற்றவர்களுக்குக் கவலை இல்லை. தொட்டியில் ஒரு செடி வைத்தால் கட்டுக்கடங்காமல் வளரும், கடையில் தேடவே வேண்டாம்.

கடைசியாக மீன். இங்கே பாராமுண்டி என்று கொண்டாடுகிறார்களே, அது வேறு ஒன்றுமில்லை, நம் கொடுவாதான். வங்காள விரிகுடாவிலிருந்து வட ஆஸ்திரேலியா வரை ஒரே மீன். தூத்துக்குடிக்காரருக்கும் யாழ்ப்பாணத்தாருக்கும் அதை எப்படிக் கழுவ வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இறக்குமதியான மீனும் நிறைய விற்கிறது. எந்த நாட்டில் வளர்ந்தது என்று அட்டையைப் பார்த்து ஆஸ்திரேலிய மீனாக வாங்குங்கள்.

காட்டில் பறிக்காதீர்கள்

தேசியப் பூங்காக்களில் செடி கொடி பறிப்பது சட்டப்படி குற்றம். சட்டத்தைத் தாண்டியும் ஒரு காரணம் இருக்கிறது. 1861இல் பர்க், வில்ஸ் என்ற இரண்டு பயணிகள் கண்டத்தின் குறுக்கே நடந்து திரும்பும் வழியில் கூப்பர்ஸ் கிரீக் ஓடைக்கரையில் உணவின்றித் தவித்தார்கள். அங்கு வாழ்ந்த யாண்ட்ருவாந்தா மக்கள் நார்டூ என்ற நீர்த்தாவரத்தின் வித்துகளை அரைத்து உண்பதைப் பார்த்துத் தாங்களும் அரைத்து உண்டார்கள். நார்டூ நம் ஆரைக்கீரையின் இனம்தான். ஆனால் அதில் வைட்டமின் பி1ஐ அழிக்கும் ஒரு நொதி இருக்கிறது. யாண்ட்ருவாந்தா மக்களின் பக்குவத்தில் அதன் வீரியம் போய்விடும். அந்தப் பக்குவத்தைக் கேட்டுக்கொள்ளாமல் உண்டதும் பர்க்கும் வில்ஸும் உடல் நலிந்து இறந்ததற்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கூட இருந்த ஜான் கிங் அந்த மக்களிடம் போய்ச் சேர்ந்தார். அவர்கள் சோறிட்டுக் காப்பாற்றியதால் உயிரோடு திரும்பினார்.

இந்தப் பொருட்களைக் கடையில் பொட்டலமாகப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்திருங்கள். எந்த விதை, எந்தப் பருவம், எத்தனை நேரம் வறுப்பது என்பதெல்லாம் யாரோ கண்டுபிடித்துக் காத்துக் கொடுத்த அறிவு. விக்டோரியாவின் பட்ஜ் பிம் பகுதியில் குண்டிட்ஜ்மாரா மக்கள் எரிமலைப் பாறைகளை அடுக்கி வாய்க்கால் வெட்டி விலாங்கு மீன் வளர்த்தார்கள். குறைந்தது 6,600 ஆண்டுப் பழமை. 2019இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இங்கே வேளாண்மையே இருந்ததில்லை என்று யாராவது சொன்னால் பட்ஜ் பிம் பற்றிச் சொல்லுங்கள்.

மூன்று வாரம் முன்பு: வாங்குதல்

லெமன் மர்ட்டில் தேநீரும் மக்கடேமியாவும் கங்காரு இறைச்சியும் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளிலேயே கிடைக்கும். மற்றவற்றை இணையத்தில் வரவழைக்க வேண்டும். டிசம்பரில் தபால் தாமதமாகும், அதனால் மாதத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

யாரிடம் வாங்குகிறோம் என்பதைச் சமையலைப் போலவே முக்கியமாக நினைக்கிறேன். இந்த உணவுப் பொருட்களின் வியாபாரம் வளர்ந்துகொண்டே போகிறது. அதில் பூர்வகுடி மக்களின் கைக்குப் போய்ச் சேரும் பங்கு மிகச் சிறியது. அவர்களின் அறிவை வைத்து மற்றவர்கள் சம்பாதிக்கிறார்கள். பொட்டலத்தில் பூர்வகுடி பாணிப் புள்ளி ஓவியம் இருந்தால் மட்டும் அது பூர்வகுடி நிறுவனம் ஆகிவிடாது. சப்ளை நேஷன் என்ற அமைப்பு பூர்வகுடியினர் உரிமையில் உள்ள நிறுவனங்களைச் சரிபார்த்துப் பட்டியல் வைத்திருக்கிறது. இணையத்தில் யாரும் பார்க்கலாம். நியூ சவுத் வேல்ஸின் மட்ஜி ஊரில் நெம்பா வெயில்வான் இனத்தைச் சேர்ந்த ஷாரன் வின்சர் தொடங்கிய இண்டிஜிஎர்த் அப்படி ஒரு நிறுவனம். சமையல் முறைகளுக்கு, பண்ட்ஜலங் இனத்தைச் சேர்ந்த சமையல் கலைஞர் மார்க் ஆலிவ் செய்து காட்டுவதைத் தேடிப் பாருங்கள். எளிமையாக, வீட்டு அடுப்புக்கு ஏற்ற மாதிரி இருக்கும்.

முதல் தடவைக்கு வாங்க வேண்டியது இவ்வளவுதான்: லெமன் மர்ட்டில் தூள் ஒரு சிறு பொட்டலம், அதன் முழு இலை கொஞ்சம், மலை மிளகு, சால்ட்புஷ், வறுத்து அரைத்த வாட்டில் விதை, உறைந்த ஃபிங்கர் லைம் 100 கிராம், உறைந்த டேவிட்சன் பிளம் 250 கிராம், உப்பில்லாத மக்கடேமியா 200 கிராம், மக்கடேமியா எண்ணெய் கொஞ்சம். பட்ஜெட் இடிக்கிறது என்றால் லெமன் மர்ட்டில், மக்கடேமியா, வாட்டில் விதை மூன்றை மட்டும் வாங்குங்கள். அதிலேயே பாதி விருந்து முடிந்துவிடும்.

வருபவர்களிடம் கொட்டை ஒவ்வாமை உண்டா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். இருந்தால் மக்கடேமியாவையும் அதன் எண்ணெயையும் முழுவதும் விலக்கி, நல்லெண்ணெயோ ஆலிவ் எண்ணெயோ வையுங்கள்.

அன்றைய பந்தி

வாழையிலையில் சுட்ட கொடுவா, ஃபிங்கர் லைம் போட்ட இறால், மலை மிளகு தேய்த்த கங்காரு (விரும்பினால்), மக்கடேமியா சொதியும் சோறும், வாரிகல் கீரைப் பொரியல், சால்ட்புஷ் தூவிய உருளைக்கிழங்கு, டேவிட்சன் பிளம் தொக்கு, வாட்டில் விதைக் கிரீம் வைத்த பாவ்லோவா (முட்டை வெள்ளைக்கருவை அடித்துச் சுட்ட இனிப்பு), குளிர்ந்த லெமன் மர்ட்டில் தேநீர். சைவம் சாப்பிடுபவருக்குச் சோறு, சொதி, பொரியல், கிழங்கு, தொக்கு என்று வயிறு நிறையும். பாவ்லோவாவில் முட்டை இருக்கிறது. அதைத் தொடாதவருக்கு வாட்டில் விதைக் கிரீமும் மாம்பழமும் தனிக் கிண்ணத்தில்.

24ஆம் தேதி: முன்னேற்பாடு

சிட்னியில் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி: மீன் சந்தை கிறிஸ்துமஸுக்கு முன் 36 மணி நேரம் விடாமல் திறந்திருப்பது நெடுநாள் வழக்கம். விடியற்காலையில் போனால் கூட்டம் கொஞ்சம் குறைவு. ஒரு கிலோ அளவில் இரண்டு முழுக் கொடுவா, செதிலும் குடலும் நீக்கி வாங்குங்கள். வேகவைத்த இறால் ஒன்றரைக் கிலோ. ஐஸ் பெட்டி கொண்டு போக மறக்காதீர்கள், கோடை வெயிலில் அரை மணி நேரக் கார்ப் பயணமே இறாலுக்கு அதிகம்.

வீட்டுக்கு வந்ததும் தொக்கு. டேவிட்சன் பிளத்தை உருகவிட்டு, உள்ளே இருக்கும் இரண்டு தட்டை விதைகளை எடுத்துவிடுங்கள். சதையோடு 175 கிராம் சர்க்கரை, கால் கப் தண்ணீர், துருவிய இஞ்சி ஒரு தேக்கரண்டி, நொறுக்கிய மலை மிளகு நான்கைந்து, ஒரு சிட்டிகை உப்பு. சிறு தீயில் 20 நிமிடம் போதும், ஆறினால் இன்னும் கெட்டியாகும். ருசி பார்த்துவிட்டுச் சர்க்கரையைக் கூட்டிக்கொள்ளுங்கள். குவாண்டாங் வைத்திருந்தால் 80 கிராமை இரவு முழுக்க ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்து மறுநாள் காலை இதேபோல் கொதிக்கவிடுங்கள், சர்க்கரை பாதி போதும்.

அப்புறம் தேநீர். இரண்டு லிட்டர் கொதித்த தண்ணீரில் லெமன் மர்ட்டில் இலை பத்துப் போட்டு ஐந்து நிமிடத்தில் வடிகட்டுங்கள். நேரம் தாண்டினால் மருந்து வாடை வந்துவிடும். இளஞ்சூட்டில் தேன் கலந்து குளிரவையுங்கள்.

வாட்டில் விதைத் தூள் இரண்டு தேக்கரண்டியை இரண்டு மேசைக்கரண்டி வெந்நீரில் கரைத்து, ஆறியதும் 600 மில்லி கிரீமில் கலந்து மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். நாளைக்கு அடித்துக்கொள்ளலாம். ஓர் இரவு ஊறினால் மணம் கிரீமுக்குள் நன்றாக இறங்கும்.

பாவ்லோவா அடித்தட்டைக் கடையில் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். முட்டை வெள்ளைக்கருவை அடித்துச் சுடும் கலையைக் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில் பழகத் தேவையில்லை. கவனம் வாட்டில் விதையில் இருக்கட்டும்.

கீரை அரைக் கிலோ எடுத்து, முன்பு சொன்னபடி கொதிநீரில் மூன்று நிமிடம், உடனே குளிர்நீரில் அலசி, பிழிந்து நறுக்கி வையுங்கள்.

25ஆம் தேதி: ஒரு மணிக்குப் பந்தி

காலை 10:30. உருளைக்கிழங்கு இரண்டு கிலோ, தோல் சீவிப் பெரிய துண்டுகளாக்கி, உப்பு நீரில் பத்து நிமிடம் வேகவையுங்கள். வடித்து, பாத்திரத்தை மூடி ஒரு குலுக்கு குலுக்கினால் ஓரங்கள் உதிரும். மொறுமொறுப்பு அங்கேதான் வரும்.

11:00. சொதி. பெரிய வெங்காயம் இரண்டு, கீறிய பச்சை மிளகாய் நான்கு, இஞ்சி ஒரு துண்டு, கறிவேப்பிலை, கால் தேக்கரண்டி மஞ்சள், கேரட், பீன்ஸ், பட்டாணி எல்லாம் தண்ணீரில் வேகட்டும். வெந்நீரில் அரை மணி நேரம் ஊறிய மக்கடேமியா 75 கிராமை வெண்ணெய் பதத்துக்கு அரைத்துச் சேருங்கள். முந்திரி விழுதைவிட இது வழுவழுப்பாகவும் லேசாகவும் இருக்கும். 400 மில்லி தேங்காய்ப்பால் டின் இரண்டு ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டும்போது இறக்குங்கள். வழக்கமாக எலுமிச்சை பிழியும் அந்த நேரத்தில் லெமன் மர்ட்டில் தூள் அரைத் தேக்கரண்டி தூவி மூடிவிடுங்கள். பத்து நிமிடம் கழித்துத் திறந்தால் சமையலறை முழுக்க வாசனை. புளிப்பு வேண்டும் என்பவர் இலையில் கொஞ்சம் எலுமிச்சை பிழிந்துகொள்ளட்டும். இந்த விருந்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்; லெமன் மர்ட்டிலும் தேங்காய்ப்பாலும் இவ்வளவு பொருந்தும் என்று சாப்பிட்டுப் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

11:30. ஓவனை 200 டிகிரிக்குச் சூடாக்குங்கள். மீனின் இருபுறமும் மூன்று கீறல், உப்பு, கொஞ்சம் இஞ்சி பூண்டு விழுது, மக்கடேமியா எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. வயிற்றுக்குள் லெமன் மர்ட்டில் இலை மூன்று நான்கு, மேலே தூள் அரைத் தேக்கரண்டி. பூர்வகுடி மக்கள் மீனைப் பேப்பர்பார்க் மரத்தின் மெல்லிய பட்டையில் சுற்றித் தணலில் வைப்பார்கள். பட்டையின் புகை மணம் மீனில் ஏறும். சமையலுக்கென்று விற்கும் பட்டை கிடைத்தால் தண்ணீரில் நனைத்துப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் இந்தியக் கடையில் வாழையிலை இருக்கும், அதைத் தீயில் வாட்டிச் சுற்றி, மேலே ஒரு சுற்று அலுமினியத் தாள். வெளியே கரி அடுப்பில் சுட ஆசை வந்தால் முதலில் அன்று முழுத் தீத்தடை அறிவித்திருக்கிறார்களா என்று பாருங்கள். அந்த நாளில் விறகோ கரியோ திறந்த வெளியில் மூட்டக் கூடாது.

11:50. கிழங்கை எண்ணெயில் புரட்டி ஓவனின் மேல் தட்டில் வையுங்கள். 12:15க்கு மீன் கீழ்த்தட்டில். இரண்டுக்கும் ஒரே சூடு, ஒரே ஓவன் போதும். 35 நிமிடத்தில் மீனின் தடித்த பகுதியில் முள்கரண்டியால் நெம்பிப் பாருங்கள். சதை வெள்ளையாகி இதழ் இதழாகப் பிரிந்தால் வெந்தது. கண்ணாடி போலத் தெரிந்தால் இன்னும் ஐந்து நிமிடம். கிழங்கு பொன்னிறமானதும் சால்ட்புஷ் ஒரு மேசைக்கரண்டியும் நொறுக்கிய மலை மிளகு அரைத் தேக்கரண்டியும் தூவிக் கடைசி ஐந்து நிமிடம் விட்டு எடுங்கள். முன்பே தூவினால் இலை கருகிக் கசக்கும்.

இடைப்பட்ட நேரத்தில் பொரியல்: கடுகு, உளுத்தம்பருப்பு, ஒரு காய்ந்த மிளகாய், நறுக்கிய வெங்காயம், பிழிந்து வைத்த கீரை, ஐந்தே நிமிடம். தேங்காய்ப்பூவுக்குப் பதில் வறுத்து இடித்த மக்கடேமியா ஒரு கைப்பிடி. உப்பைக் கடைசியில், ருசி பார்த்துப் போடுங்கள். கீரையிலேயே லேசான கரிப்பு இருக்கும்.

12:35. கங்காரு சமைப்பதாக இருந்தால் இப்போது. கங்காருகளைப் பண்ணையில் வளர்ப்பதில்லை. உரிமம் பெற்றவர்கள் காட்டில் வேட்டையாடிக் கொண்டுவரும் இறைச்சி இது. கொழுப்பு இரண்டு சதவீதத்துக்கும் குறைவு என்பதால் நம் ஆட்டுக்கறி முறையில் நன்றாக வேகவிட்டால் செருப்புத்தோல்தான். 800 கிராம் ஃபில்லெட்டை அரை மணி முன்பே வெளியில் எடுத்து வையுங்கள். எண்ணெய், சால்ட்புஷ், மலை மிளகு தேய்த்து, புகை கிளம்பும் இரும்புக் கல்லில் பக்கத்துக்கு மூன்று நிமிடம். மூடி பத்து நிமிடம் ஆறவிட்டு, நாருக்குக் குறுக்கே மெல்லியதாக வெட்டுங்கள். உள்ளே சிவப்பாகத்தான் இருக்கும். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், சிவந்த இறைச்சி ஒத்துவராதவர்கள் இருக்கும் வீட்டில் இந்த முறையை விட்டுவிட்டு, கொத்துக்கறியாக வாங்கி உருளைக்கிழங்கோடு பிசைந்து கட்லெட் போட்டு உள்ளே நன்றாக வேகவையுங்கள். டேவிட்சன் பிளம் தொக்கு இரண்டுக்கும் பொருந்தும்.

12:50. மீனை எடுத்து, சுற்றியபடியே பந்திக்குக் கொண்டு போங்கள். இலையை விருந்தினர் முன்னால் பிரியுங்கள். உரித்த இறாலை ஐஸ் மேல் வைத்த தட்டில் அடுக்கி, ஃபிரிட்ஜில் கால் மணி நேரம் உருகவிட்ட ஃபிங்கர் லைம் மணிகளைப் பிதுக்கித் தூவுங்கள். பாதியைப் பாவ்லோவாவுக்கு எடுத்து வைத்துவிடுங்கள்.

சாப்பிட உட்காரும் முன், நாம் எந்த மக்களின் நிலத்தில் இருக்கிறோம் என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்வது இங்கே பரவலான மரபு. எங்கள் வீட்டில் சொல்கிறோம், குழந்தைகளும் பழகிக்கொண்டார்கள். தமிழர் நிறைய வாழும் துங்காபி, வென்ட்வொர்த்வில், பென்டில் ஹில் எல்லாம் தாருக் மக்களின் நிலம். சிட்னி நகர மையம் கடிகல் மக்களுடையது. மெல்பர்னில் டாண்டினாங் பக்கம் இருப்பவர்களுக்குப் புனுராங், நகரின் வடபகுதியில் வுருண்ட்ஜெரி. உங்கள் நகராட்சி இணையதளத்தில் பெயர் இருக்கும், உச்சரிப்பையும் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழிலேயே சொல்லலாம்.

பாவ்லோவாவைப் பரிமாறும்போதுதான் சேர்க்க வேண்டும், முன்பே கிரீம் வைத்தால் அடித்தட்டு இளகிவிடும். வாட்டில் விதைக் கிரீமில் இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை சேர்த்துக் கெட்டியாகும் வரை அடியுங்கள். தட்டில் பரப்பி, குயின்ஸ்லாந்து மாம்பழத் துண்டுகள், அதன் மேல் மீதி ஃபிங்கர் லைம். டிசம்பர் மாம்பழம் நல்ல இனிப்பு, அதற்கு இந்தப் புளிப்பு வேண்டும்.

மிச்சம்

இறாலும் மீனும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது. வெக்கை அதிகமான நாளில் அதற்கும் முன்பே உள்ளே போக வேண்டும். மீன் தலையையும் முள்ளையும் அன்றே கொதிக்கவைத்து வடிகட்டி உறைய வையுங்கள், அடுத்த சொதிக்கு அடித்தளம் ஆகும். கங்காருத் துண்டுகள் மறுநாள் ரொட்டிக்குள் தொக்கோடு போகும். தொக்கு ஃபிரிட்ஜில் இரண்டு வாரம் நிற்கும், தோசைக்கும் தொட்டுக்கொள்ளலாம். லெமன் மர்ட்டில் தூளைக் காற்றுப் புகாத பாட்டிலில் இருட்டான இடத்தில் வையுங்கள். ஆறு மாதத்தில் மணம் குறைந்துவிடும், அதற்குள் ரசத்திலும் மோரிலும் போட்டுத் தீர்த்துவிடுங்கள்.